கயிறு பட்ட இடம்

தம்புசாமி கிள்ளானில் லோரி ஓட்ட ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை வருஷத்தில் அவர் மழையில் நனையவிட்ட சாமான் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய பெண்சாதி புனிதா வரைந்த படம்.

அதையும் அவர் அசட்டையாக நனையவிடவில்லை. மற்றவர்களுடைய படங்கள் நனையக் கூடாதே என்று, அதை எடுத்து அவற்றின் மேல் போர்த்தி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, பொறுப்பாக நனையவிட்டார்.

நடந்ததை விவரமாகச் சொன்னால்தான் அவர் மேல் கொஞ்சமாவது இரக்கம் வரும். அன்று சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில் ஓவியக் கண்காட்சி. ஒரே ஒரு சாயங்காலம் மட்டும். ஏற்பாடு ஃபர்ஹானா. கிள்ளானில் ஞாயிறுதோறும் சமூக மண்டபத்தில் பெரியவர்களுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிற பெண். பெக்டரி வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததும் கோயில் பஜனைக்குப் போவாள் என்று தம்புசாமி எதிர்பார்த்த புனிதா, ஒரு நாள் அந்த வகுப்புக்குப் போனாள். பிறகு அங்கேயே போய்க்கொண்டிருந்தாள். கிள்ளான் பக்கத்து ஆட்களின் படங்களை ஏற்றிக்கொண்டு போக லோரி வேண்டும் என்றார்கள். வீட்டிலேயே ஒன்று நின்றது. அதற்கு ஓட்டுநரும் இருந்தார்.

புனிதா காலையிலேயே ரயிலேறி ஃபர்ஹானாவோடு இடத்தைக் கூட்டிப் பெருக்கப் போய்விட்டாள். போகும்போது, "என்னோடத சீட்டுக்குப் பின்னால வச்சிருக்கேன், பாத்து எடுத்துட்டு வாங்க" என்று சொன்னாள். தம்புசாமி எட்டிப் பார்த்தார். சீட்டுக்குப் பின்னால் வடை நிறைத்த பெரிய தூக்கு ஒன்று இருந்தது. ஒரு மூட்டையும் இருந்தது. தூக்கை எடுத்துப் பத்திரமாக மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி இர்ஃபானிடம் கொடுத்தார். படம் என்றால் சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, ஆணியில் மாட்டுகிற மாதிரி இருக்கும் என்பது அவருடைய எண்ணம். அந்த மாதிரிப் படங்கள் ஏழெட்டு, லோரியின் பின்னால் இருந்தன. அதில் ஒன்று அவளுடையதாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

இர்ஃபான் ராமநாதபுரத்துக்காரன். வேலை பெர்மிட்டில் வந்து கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசுகிறவன். சாப்பாடு கட்டுகிற பழுப்புக் காகிதத்தில் பேனாவால் கடைக்கு வருகிறவர்களின் முகங்களை வரைவான். அவையும் லோரியின் பின்னால் இருந்தன. காகிதம் என்பதால் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, மேகம் கூடுது. மேல மூட ஒண்ணும் இல்லையாண்ணே?"

"இருந்துச்சு தம்பி. புது கன்வாஸ் போன மாசம்தான் வாங்குனேன். மச்சான் சின்னையா வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் மேல போடக் கேட்டான். குடுத்துட்டேன்."

"எப்ப கல்யாணம்?"

"முடிஞ்சி போச்சு."

"பின்ன?"

"மாப்பிள்ளைகிட்டருந்து பொண்ணத் திருப்பிக் கேக்கலாம். மச்சான்கிட்டருந்து சாமானத் திருப்பிக் கேக்க முடியாதுப்பா."

பத்து தீகா ஊரைத் தாண்டியதும் மழை வந்தது. தூறிச் சொல்லிவிட்டு வருகிற மழை இல்லை அது. முன்னால் போன காரைக் காணோம். மோட்டார்சைக்கிள்காரர்கள் எல்லாம் பாலத்துக்கு அடியில் ஆட்டு மந்தை மாதிரி ஒதுங்கியிருந்தார்கள். தம்புசாமி ஓரத்தில் நிறுத்தினார். இர்ஃபான், "அண்ணே, என் பேப்பர், என் பேப்பர்" என்று அலறினான். அந்த நேரத்தில்தான் சீட்டுக்குப் பின்னால் இருந்த மூட்டை தம்புசாமியின் கண்ணில் பட்டது. நைலான் கயிறு போட்டுக் கட்டிய பழைய கன்வாஸ். மூலையில் அவரே கோணி ஊசியால் தைத்த ஒட்டு. கிழிந்துபோய்விட்டது என்று வீட்டுக்குப் பின்னால் தூக்கிப் போட்ட அதே கன்வாஸ்.

"பாத்தியா, ஆண்டவன் இருக்கான்!" என்றார் தம்புசாமி.

லோரிக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. ஒட்டுப் போட்ட பக்கம் சாமான் பக்கம் இருக்க வேண்டும். வழவழப்பான பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும். தம்புசாமி அப்படியே போட்டார். மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, மேல வெள்ளையா, பச்சையா என்னமோ அப்பியிருக்கு."

"காக்கா எச்சம்ப்பா. நான் மரத்தடியில நிறுத்துற ஆளு. நீ மூலையப் புடிச்சி இழு லா!"

இழுத்தான். தம்புசாமி கயிற்றைக் குறுக்கும் மறுக்கும் போட்டு, தொங்கி இறுக்கி, லோரி முடிச்சுப் போட்டார். அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்ததில்லை. பினாங்கு வரைக்கும் போய்ப் பரீட்சித்த முடிச்சு.

பிரிக்பீல்ட்ஸ் வந்தபோது மழை விட்டு, ரோட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மத்தியானக் குழம்பை மறுபடி சூடு பண்ணுகிற வாசனை. பக்கத்துக் கடையில் சாம்பிராணி வாசனை. புனிதாவும் ஃபர்ஹானாவும் கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் காத்துக்கொண்டு நின்றார்கள். புனிதா நல்ல சேலை கட்டியிருந்தாள். கல்யாணங்களுக்குக் கூட அவள் அந்தச் சேலையை எடுப்பதில்லை.

அவள் லோரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கன்வாஸின் மேல் கை வைத்துப் பார்த்தாள். எடுத்தபோது உள்ளங்கை நீலமும் பச்சையுமாக இருந்தது.

"மத்ததெல்லாம் நனையாம வந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு சொட்டு படல!" என்றார் தம்புசாமி, மார்பை நிமிர்த்தி.

"நல்லதாப் போச்சு" என்றாள் புனிதா.

அலறியது ஃபர்ஹானாதான். "ஆன்டி! யா அல்லா! ஆன்டி, இது உங்களோடது!"

பெண்சாதி சத்தம் போட்டால் தம்புசாமிக்கு என்ன செய்வது என்று தெரியும். தலையைச் சொறிவார், லோரியைக் கழுவப் போவார், இருட்டினால் சரியாகிவிடும். அவள் சத்தம் போடவில்லை. கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "முடிச்ச அவிழுங்க, நேரமாகுது" என்றாள். அவருடைய வாழ்க்கையில் முதல் முறையாக அந்த முடிச்சு அவருக்கே அவிழ மாட்டேன் என்றது.

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்பதை ஃபர்ஹானா அவிழ்க்கும்போது அழாத குறையாகச் சொன்னாள். புனிதா இருபது வருஷத்துக்கு மேல் ரப்பர் கையுறை செய்கிற குளோவ் பெக்டரியில் வேலை செய்தவள். பீங்கான் கைகள் வரிசையாகச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு ரப்பர் பால் தொட்டியில் முங்கி, வெந்து வெளியே வரும். பெண்கள் நின்றபடிக்கு அதிலிருந்து குளோவை உரித்து எடுப்பார்கள். மேல் வரிசை முழுக்க ஒரே மாதிரியான பீங்கான் கைகள். கீழே அவற்றை நோக்கி நீளுகிற பெண்களின் கைகள், ஒன்று மாதிரி ஒன்று இல்லாமல். தம்புசாமி லோரியோடு வெளியே போன நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில் கன்வாஸை விரித்து, வெள்ளைச் சாயம் அடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற தண்ணீர்க் கலரில் வரைந்திருக்கிறாள். மேலே பூச வேண்டிய வார்னிஷை, மாட்டிய பிறகு அன்று பூசலாம் என்று இருந்தார்கள்.

"எங்கிட்ட காட்டவே இல்லியே" என்றார் தம்புசாமி.

"நீங்க கேக்கவே இல்லையே அங்கிள்" என்றாள் ஃபர்ஹானா.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்று பெட்டாலிங் ஜெயாவிலிருந்து திருச்செல்வம் என்று ஒருவர் வருவதாக இருந்தது. அவர் அங்கே பெரிய ஓவியக் கூடம் வைத்திருப்பவர். வந்திருக்கிற படங்களைப் பார்த்து ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பார். அந்த ஆளுக்கு அவருடைய கூடத்தில் ஒரு வருஷத்துக்கு வரைய ஓர் அறை கிடைக்கும், முடிவில் தனிக் கண்காட்சி. இன்னொரு பக்கம், ஜொகூரிலிருந்து மகள் கார்த்திகா. பிரசவ லீவு முடியப் போகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வர வேண்டும். "அம்மா வருவா, நீ கவலப்படாத" என்று தம்புசாமி அவளிடம் போனில் சொல்லியும்விட்டார். அவருக்கு வாக்குக் கொடுப்பது கயிறு கட்டுகிற மாதிரி, யோசிக்காமல் வரும். புனிதா மட்டும், "சனிக்கிழமை கழியட்டும், சொல்றேன்" என்று நிறுத்தி வைத்திருந்தாள். சனிக்கிழமை வந்து, நனைந்துபோய்ப் படியில் நின்றது.

செங்குத்தான மரப் படியில் தம்புசாமியும் இர்ஃபானும் கன்வாஸைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பச்சைத் தண்ணீர் படி நெடுகச் சொட்டியது. சுவரில் மாட்டி, அடியில் பிளாஸ்டிக் வாளி வைத்து, இரண்டு மின்காற்றாடியை அதன் பக்கம் திருப்பி விட்டார்கள். தம்புசாமி அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். கைகள் எதுவும் இல்லை. நீலமும் பச்சையும் வெள்ளையுமாக ஒழுகி, கடற்கரையில் மூடுபனி மாதிரி ஒன்று. ஆனால் கயிறு அழுத்திய இடத்தில் மட்டும் சாயம் கரையவில்லை. மூலைக்கு மூலை இரண்டு கோடு. அந்தக் கோட்டுக்குள் மட்டும் தெளிவாக ஒரு விரல், ஒரு நகம், வளையல் போட்ட ஒரு மணிக்கட்டு.

"இது யாரு கை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வீரம்மா அக்காவோடது. எனக்குப் பக்கத்துல நின்னவங்க."

"பக்கத்துல?"

"பக்கத்துல நானு." அந்த இடத்தில் பச்சை ஒழுகியிருந்தது.

"கெட்டுப் போச்சா, புனிதா?"

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வடைக்குத் தட்டு எடுக்கப் போனாள்.

தம்புசாமிக்கு ஒரு கேள்வி தொண்டையில் ஏறிவிட்டால் யாரிடமாவது இறக்கி வைத்தாக வேண்டும். இர்ஃபானிடம் கேட்டார். அவன் தன் காகித முகங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தான். "அண்ணே, என் படம் நனையல. இந்த வாயால நான் என்னத்தச் சொல்ல?" கேரி தீவிலிருந்து வந்த மா மெரி பழங்குடி மரமுகமூடிக்காரரிடம் மலாயில் கேட்டார். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எதற்கு என்று தெரியவில்லை. முகமூடிகள் நனையாமல் வந்ததற்காகவும் இருக்கலாம். ஃபர்ஹானாவிடம் கேட்டார்.

"இப்ப வேற மாதிரி இருக்கு அங்கிள்."

"வேற மாதிரின்னா நல்ல மாதிரியா, கெட்ட மாதிரியா?"

"ஆர்ட்ல அப்படிக் கேக்க முடியாது அங்கிள்."

"பின்ன எப்படி லா கேக்கணும்?"

ஃபர்ஹானா சிரித்துவிட்டு விளக்கைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

இருட்டுவதற்குள் கூட்டம் ஏறிவிட்டது. சீனர், மலாய்க்காரர், காதில் நாலு தோடு போட்ட பையன்கள், ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வந்த தமிழ்ப் பெண்கள். புனிதாவின் வடை முதலில் தீர்ந்தது. அதற்கு அடுத்தபடி அதிகம் பேர் நின்றது அவள் படத்துக்கு முன்னால்தான். தம்புசாமி தூணோரம் நின்று காதைத் தீட்டினார். "கடல்" என்றார் ஒருவர். "காடு" என்றாள் ஒருத்தி. "அந்த எக்ஸ் மாதிரி கோடுதான் பாஸ், செம!" என்றான் தோடு போட்டவன். தம்புசாமிக்குக் கொஞ்சம் கூச்சமாகவும், சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்த எக்ஸைப் போட்டவர் அவர்தானே. முப்பது வருஷமாக எக்ஸ் போடுகிறார், இதுவரை ஒருத்தரும் பார்த்துப் பாராட்டியதில்லை.

திருச்செல்வம் வந்தார். வெள்ளைத் தாடி, கதர்ச் சட்டை, காலில் விலை உயர்ந்த சப்பாத்து. ஒவ்வொரு படத்திடமும் நின்று மரியாதையாகப் பார்த்தார். இர்ஃபானின் முகங்களிடம் வெகு நேரம் நின்றார். பிறகு புனிதாவின் படத்துக்கு வந்தவர் நகரவில்லை. முன்னால் போனார், பின்னால் வந்தார், வாளியைக் காலால் தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டார், யாரிடம் என்று தெரியவில்லை.

"யார் செஞ்சது?"

ஃபர்ஹானா புனிதாவை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அம்மா, இது பிரமாதம். லோரி கன்வாஸ், உழைப்பு, மழை. இந்தக் கயிற்றுத் தடம்தான் முக்கியம். கட்டிப் போட்ட இடத்துல மட்டும் மனுஷங்க மிஞ்சியிருக்காங்க. எப்படித் தோணுச்சு? நீங்களே மழையில விட்டீங்களா?"

புனிதா வாயைத் திறந்தாள். அதற்குள் தூணோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது தன்னுடைய குரல்தான் என்பது தம்புசாமிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

"ஆமாங்க சார்! அவதான் சொன்னா. மழை வந்தா மேல போட்டு ஓட்டுங்க, கயிற குறுக்கால கட்டுங்கன்னு. வேகமாப் போகாதீங்க, கலர் சமமா எறங்கணும்னு கூடச் சொன்னா."

சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜம் மாதிரி இருந்தது. தான் கெடுத்ததைத் தானே சரிசெய்துவிட்டோம் என்று நெஞ்சு லேசானது. ஓர் அறை, ஒரு வருஷம், தனிக் கண்காட்சி. ஒரு பொய்க்கு இது மோசமான கூலி இல்லை.

"இவர்தான் ஓட்டுனவரா? அற்புதம்! அப்ப இவரும் ஒரு கலைஞர்" என்றார் திருச்செல்வம். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். தம்புசாமி ஒரு கும்பிடு கூடப் போட்டுவிட்டார்.

புனிதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பெக்டரியில் அவள் கடைசி வருஷங்களில் குளோவில் தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்க்கிற வேலையில் இருந்தாள். ஓட்டை தெரிந்த குளோவை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். கோபமில்லை. ஒதுக்கி வைக்கிற பார்வை.

"இல்ல சார்" என்றாள். "இவருக்கு அது படம்னே தெரியாது. மழைக்கு மூட ஆப்ட்டுச்சு, மூடிட்டாரு."

கூட்டம் சிரித்தது. நல்ல மனசோடு சிரித்த சிரிப்புதான். தம்புசாமியும் சேர்ந்து சிரித்தார். வேறு என்ன செய்வது.

"அதனால என்னம்மா?" என்றார் திருச்செல்வம். "எப்படி நடந்தா என்ன, இப்ப சுவத்துல இருக்கிறதுதான் படம். இதையே எடுத்துக்கிறேன். அறையும் உங்களுக்குத்தான். இந்த மழைக் கதையையும் பக்கத்துல எழுதி வைப்போம். ஜனங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"கதைய எழுதி வச்சா, கையெல்லாம் எங்க போச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க சார்."

"கைகள்?"

"இது முழுக்கக் கைங்க சார். என்கூட நின்னவங்க. பாத்ததும் யாரு யாருன்னு அவங்களே கண்டுபிடிப்பாங்க. ரெண்டு பேர் இப்ப உசுரோட இல்ல. இத மாட்டி எம் பேர போட்டா, நான் அத வரஞ்சேன்னு ஆவாது, அழிச்சேன்னுதான் ஆவும்."

திருச்செல்வம் படத்தை மறுபடி பார்த்தார். வளையல் மணிக்கட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "எனக்கு இதுதான் வேணும்மா. பொய் சொல்லல. நீங்க முதல்ல வரைஞ்சதை நான் பார்க்கல, பார்க்காததுக்கு அறை எப்படிக் கொடுக்க?"

"குடுக்க வேணாம் சார். நான் மறுபடி வரையறேன். முடிஞ்சா வந்து பாருங்க."

"வரைஞ்சிட்டுக் கூப்பிடுங்க. அறை அப்ப இருக்குமான்னு சொல்ல முடியாது. ஆனா வருவேன்." அட்டை ஒன்றைக் கொடுத்தார். பிறகு இர்ஃபானின் காகிதங்களுக்குத் திரும்பிப் போனார். அறை இர்ஃபானுக்குப் போனது. அவன் புனிதாவிடம் ஓடி வந்து, "அக்கா, அக்கா" என்று இரண்டு தடவை சொன்னான். "நல்லா வரை தம்பி. மொதல்ல நல்ல பேப்பர் வாங்கு" என்றாள் அவள்.

கூட்டம் குறைந்ததும் இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். ஓரக்கடையில் தம்புசாமி இரண்டு தே தாரிக் சொன்னார். அவளுக்குச் சீனி குறைச்சு என்று மறக்காமல் சொன்னார். இந்த மாதிரி நேரத்தில் மனுஷன் இப்படிச் சின்ன விஷயங்களில்தான் புண்ணியம் தேட முடியும். கடைக்காரர் தேநீரை உயரத் தூக்கி ஆற்றினார். தொலைவில் ரயில் போகிற சத்தம் கேட்டது.

"ஆமான்னு சொல்லியிருந்தா அறை உனக்குத்தான்" என்றார்.

"தெரியும்."

"நான் உனக்காகத்தான் சொன்னேன்."

"அதுவும் தெரியும்." அவள் தேநீரை ஊதினாள். "மழையில போட்டது தெரியாம. சரி. உள்ள நின்னு சொன்னீங்களே, அது தெரிஞ்சி."

தம்புசாமி மேஜையில் ஒட்டியிருந்த சீனியை விரலால் துடைத்தார்.

"கார்த்திகாகிட்ட நாளைக்கு நானே பேசுறேன்" என்றாள் புனிதா. "பிள்ளைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லப் போறேன். நீங்க நடுவுல பூந்து வாக்குக் குடுக்காதீங்க."

"அறைதான் கெடைக்கலியே? அப்ப ஜொகூருக்கு..."

"வீட்டுப் பின்னால எடம் இருக்குல்ல. இதுவரைக்கும் அங்கதான வரஞ்சேன்."

"கார்த்திகா அழுவா."

"அழட்டும். அவ அழுதா அவ அம்மா வருத்தப்படுவா, நான்தானே. நான் பாத்துக்கிறேன்."

மேலே ஃபர்ஹானா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அந்தக் கன்வாஸின் ஒரு மூலை தெரிந்தது. காற்றாடிக் காற்றில் அசைந்தது. தம்புசாமி அதைப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது அவர் கண்ணுக்கு. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"புனிதா, நான் பாக்காமலே போயிட்டேன். உள்ள அத்தன பேரும் இப்பதான் நல்லா இருக்குங்குறாங்க. அந்தப் பொண்ணு அப்படிக் கேக்கக் கூடாதுங்குது. எனக்கு வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. நீயாவது சொல்லிடு. கெட்டுப் போச்சா, இல்லியா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கெட்டுப் போச்சுங்க. நான் வரஞ்சது இதவிட ரொம்ப நல்லா இருந்துச்சு."